தொட்டால் மூளையில் என்ன நடக்கிறது? ஆட்டிசம் பற்றி ஒரு சின்ன வரலாறு

கொஞ்ச நாளாவே ‘தொடுதல்’னு தலைப்பு போட்டு ஒரு நோட்டில் குறிப்பு எழுதிக்கிட்டு வர்றேன். கண், காது பற்றியெல்லாம் நிறைய எழுதியாச்சு. தோலைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த நோட்டில் அதிகப் பக்கம் பிடித்த விஷயம் இதுதான்: ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தொடுகை எப்படிப் போய்ச் சேருகிறது, அதை மூளையில் அளந்து பார்க்க மனிதர்கள் என்னென்ன செய்தார்கள் என்கிற கதை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாங்க.

முதலில் பெயரிலிருந்து தொடங்குவோம். நம்ம தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்கு ‘புற உலகச் சிந்தனையற்ற நிலை’ என்று ஒரு பெயர் புழங்குகிறது. பத்திரிகைகளில் ‘மதியிறுக்கம்’ என்று வரும். இரண்டுமே ஒரு முடிவைச் சொல்லிவிடுகின்றன: இந்தப் பிள்ளைக்கு வெளியுலகம் இல்லை, உள்ளேயே பூட்டிக்கொண்டது என்று. இந்தக் கருத்து தமிழில் பிறந்ததில்லை. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1911இல் மனச்சிதைவு பற்றி எழுதிய நூலில், கிரேக்க மொழியில் ‘தான்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து ‘ஆட்டிசம்’ என்பதை உருவாக்கினார். தனக்குள்ளேயே ஒதுங்கிப்போவது என்கிற அர்த்தத்தில்.

1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த லியோ கானர் என்கிற குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசத்தைத் தனி நிலையாக உலகம் கவனித்தது அதிலிருந்துதான். கட்டுரையின் தலைப்பில் ஒரு சொல் இருக்கு: ‘கான்டாக்ட்’. உணர்வுபூர்வமான தொடர்பு என்பதைக் குறிக்க அதைப் போட்டார். அந்தச் சொல்லின் லத்தீன் வேரைத் தோண்டினால் ‘ஒன்றையொன்று தொடுதல்’ என்று வரும். நம்ம ‘தொடர்பு’ம் ‘தொடு’விலிருந்து அதிக தூரத்தில் இல்லை. கானர் தன் குறிப்புகளில் ஒரு சின்ன விஷயத்தை எழுதினார். தூக்குவதற்குக் கை நீட்டினால் மற்ற குழந்தைகள் உடம்பை முன்கூட்டியே தயார்ப்படுத்தி, கையை உயர்த்தி, நம்மோடு சாய்ந்து வரும். இந்தக் குழந்தைகள் அப்படிச் செய்யவில்லை. உரத்த சத்தம், ஆடும் பொருள், சில உணவுகள் இவர்களை மிரள வைத்தன என்பதையும் எழுதினார். ஆனால் கட்டுரையின் எடை ‘உணர்வுத் தொடர்பு’ பக்கம்தான் சாய்ந்தது. தோலும் காதும் ஓரத்துக்குப் போய்விட்டன.

நம்ம ஊரில் தொடுதல்

இது ஏன் நமக்கு முக்கியம்? நம்ம வாழ்க்கையே தொடுதலால் ஆனது.

தொல்காப்பிய மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கைப்படி அடுக்கும்போது முதல் அறிவாக வைப்பது தொடுவுணர்வைத்தான். புல்லுக்கும் மரத்துக்கும்கூட அது உண்டு. நாக்கு, மூக்கு, கண், காது எல்லாம் அதற்கு அப்புறம். திருக்குறள் மக்கட்பேறு அதிகாரத்தில் 65ஆம் குறள் பிள்ளைகளின் உடம்பைத் தொடுவது பெற்றவர் உடம்புக்கு இன்பம் என்கிறது. இப்படி ஒரு மரபில் வளர்ந்தவர்கள் நாம்.

எங்க வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு காதுகுத்து நடந்தால் பாருங்க. குலதெய்வம் கோயிலில் முதலில் மொட்டை. கத்தி தலையில் ஓடும்போது இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள். தண்ணீர் ஊற்றி, சந்தனம் பூசி, புதுச் சட்டை மாட்டி, மாமா மடியில் உட்கார வைத்து ஆசாரி காது குத்துவார். அதற்கப்புறம் வந்த சொந்தம் அத்தனையும் கன்னத்தைக் கிள்ளும், தலையைத் தடவும், தூக்கி முத்தம் கொடுக்கும். சட்டையோ கஞ்சி மொடமொடப்பு போகாதது, கழுத்துப் பட்டி குத்தும். எல்லாப் பிள்ளைக்கும் அழுகை வரும். பிஸ்கட்டோ பலூனோ கொடுத்தால் பத்து நிமிடத்தில் மறந்துவிடும்.

ஒரு பிள்ளை மட்டும் மறக்காது. சட்டையைக் கிழிக்கிற மாதிரி இழுக்கும். பாட்டி தொட்டால் சுட்ட மாதிரி கையை உதறும். சாயங்காலம் வரை அலறும். அப்போது சொந்தக்காரர்கள் பிள்ளையைப் பார்க்க மாட்டார்கள், தாயைத்தான் பார்ப்பார்கள். “தூக்கி வளர்த்திருந்தா ஒட்டும். போனைக் கையில கொடுத்துட்டு ஒதுக்கியே வளர்த்திருக்கா” என்று ஒரு வார்த்தை வந்து விழும்.

இந்த வார்த்தையை வெறும் கிராமத்துப் பேச்சு என்று தள்ள முடியாது. படித்த உலகம் இதையே புத்தகமாகப் போட்டிருக்கு. 1950, 60களில் ‘குளிர்பெட்டித் தாய்’ என்கிற கருத்து அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது. தாய் அன்பு காட்டாததால் பிள்ளை தனக்குள் ஒடுங்கிவிட்டது என்பார்கள். சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ‘வெற்றுக் கோட்டை’ என்கிற பொருளில் தலைப்பு வைத்து ஒரு நூலே எழுதினார். அது பெரிய அளவில் விற்றது. எத்தனையோ தாய்மார் அந்தப் பழியைச் சுமந்தார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1964இல், பெர்னார்ட் ரிம்லண்ட் என்கிற உளவியலாளர் (அவருடைய மகனுக்கும் ஆட்டிசம் உண்டு) இது வளர்ப்பால் வருவதல்ல, உடற்கூறு சார்ந்தது என்று நூல் எழுதி வாதாடினார். வாதத்தில் பலம் இருந்தது. மூளையில் எடுத்துக் காட்டத்தான் கருவி போதவில்லை.

பார்த்தவர்களும் பட்டவரும்

அதே 1964இல் கலிஃபோர்னியாவில் இன்னொருவர் தோலைக் கவனித்தார். ஜீன் ஏர்ஸ் என்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். சில பிள்ளைகள் லேசாகத் தொட்டாலே விலகுவதையும், அவர்களுக்கே அமைதியாக உட்காருவதும் கஷ்டமாக இருப்பதையும் சேர்த்துப் பார்த்து, அதைத் தொடுகைக்கு எதிரான தற்காப்பு என்று விளக்கினார். இன்றைக்கு நம்ம தெரபி மையங்களில் ‘சென்சரி இன்டக்ரேஷன்’ என்று ஊஞ்சல், பந்து, பிரஷ் எல்லாம் வைத்திருக்கிறார்களே, அந்தப் பாதையின் தொடக்கம் அவர்தான். ஏர்ஸ் சொன்ன மூளை விளக்கங்கள் எல்லாமே பின்னால் நிலைத்தன என்று சொல்ல முடியாது. ஆனால் ‘பிடிவாதம்’ என்று எல்லாரும் ஒதுக்கிய ஒன்றை உணர்வு விஷயமாகப் பார்த்தது பெரிய காரியம்.

பட்டவர் ஒருவரும் பேசினார். டெம்பிள் கிராண்டின். கால்நடை அறிவியல் பேராசிரியர், ஆட்டிசம் உள்ளவர். அவருக்கு அணைப்பு வேண்டும்தான், ஆனால் யாராவது அணைத்தால் வெள்ளம் போல உணர்வு பொங்கித் தாங்க முடியாமல் போகும். இளம் வயதில் அரிசோனாவில் சித்தி வீட்டுப் பண்ணையில், தடுப்பூசி போட மாட்டை நிறுத்தி இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டைப் பார்த்தார். நம்ம கால்நடை ஆஸ்பத்திரியில் மாட்டை நிறுத்தும் கம்பிச் சட்டம் மாதிரி, ஆனால் அழுத்தும் வசதியோடு. அழுத்தம் பட்டதும் சில மாடுகள் அமைதியாவதைக் கவனித்து, தனக்கும் அப்படி ஒன்றைச் செய்துகொண்டார். அழுத்தம் எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர் கையில். 1992இல் அதைப் பற்றி ஆய்விதழிலும் எழுதினார்.

ஆக ‘தொட்டால் பிடிக்கல’ என்பதற்குள் பல விஷயங்கள் இருக்கு. லேசான தொடுகையும் அழுத்தமான தொடுகையும் ஒன்றல்ல. எதிர்பாராமல் வருவதும் தானே கேட்டு வாங்குவதும் ஒன்றல்ல. இதை மூளையில் எப்படிப் பார்ப்பது? அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போகணும்.

காம்பஸிலிருந்து காந்தம் வரை

தொடுவுணர்வை அளக்கும் வேலையை முறையாகத் தொடங்கியவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருந்த எர்ன்ஸ்ட் வேபர். 1834இல் தொடுவுணர்வு பற்றி லத்தீனில் எழுதினார். கருவி என்ன தெரியுமா? ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸ் மாதிரி ஒன்று. இரண்டு முனைகளையும் தோலில் வைத்து, ஒன்றா இரண்டா என்று கேட்பது. விரல் நுனியில் சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே இரண்டு என்று தெரியும். முதுகில் 4 சென்டிமீட்டர் இருந்தாலும் ஒன்று என்றுதான் தோன்றும். வீட்டில் இரண்டு ஈர்க்குச்சி வைத்து நீங்களே செய்து பார்க்கலாம்.

ஏன் இந்த வித்தியாசம் என்பதற்கு மான்ட்ரியலில் பதில் கிடைத்தது. மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட், எட்வின் போல்ட்ரியோடு சேர்ந்து 1937இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேல்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தூண்டி, எங்கே உணர்கிறார் என்று கேட்டுக் கேட்டுக் குறித்தது. பெண் பிள்ளைகள் ஹேர்பேண்ட் போடும் இடத்துக்கு நேர் உள்ளே மூளையில் ஒரு பட்டை ஓடுகிறது. உடம்பு முழுவதும் அதில் வரிசையாகப் பதிந்திருக்கு. உதட்டுக்கும் விரலுக்கும் பெரிய பட்டா, முதுகுக்குத் துண்டு நிலம்.

ஆனால் மண்டையைத் திறக்காமல் எப்படிப் பார்ப்பது? யேனா நகரில் ஹன்ஸ் பெர்கர் 1924இல் மனிதத் தலைக்கு வெளியே மின்முனை வைத்து மூளை அலையைப் பதிவு செய்தார், 1929இல் வெளியிட்டார். அதுதான் ஈஈஜி. பிரச்சினை என்னவென்றால், விரலைத் தட்டியதற்கு மூளை தரும் பதில் ரொம்பச் சின்னது. மூளையின் மற்ற அலைகளுக்கு நடுவே அது காணாமல் போய்விடும்.

லண்டனில் ஜார்ஜ் டாசன் 1947இல் ஒரு வழி கண்டார். ஒரே தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, வந்த கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் புகைப்படத்தில் பதிப்பது. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் சீராகக் கைமணி ஆட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை கேட்டால் தெரியாது. நூறு தடவை பதிவு செய்து, மணி ஆட்டிய நொடியை நேராக வைத்து அடுக்கினால், கூட்டத்தின் கூச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரைந்துபோகும், மணி மட்டும் நிற்கும். 1951இல் இந்தக் கூட்டிச் சராசரி எடுக்கும் வேலைக்கே ஒரு இயந்திரம் செய்து காட்டினார். மணிக்கட்டில் நரம்பைத் தூண்டினால் சுமார் 20 மில்லிவிநாடியில் செய்தி மூளைப் பட்டைக்குப் போய்விடுகிறது என்பதெல்லாம் இந்த வழியில்தான் தெளிவாச்சு.

அடுத்தது காந்தம். மின்சாரம் ஓடும் இடத்தில் காந்தப்புலமும் உண்டு, மூளைக்கும் அதே விதி. ஆனால் மூளையின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்கு கூட வராது. டேவிட் கோஹன் 1968இல் அதைச் செப்புச் சுருளால் பிடித்தார். 1972இல் எம்ஐடியில் ‘ஸ்குவிட்’ என்கிற மீகடத்தி உணரியை வைத்து இன்னும் தெளிவாகப் பிடித்தார். திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரி குளிரில், வெளிக் காந்தம் நுழையாத கவச அறைக்குள் வேலை செய்யும் உணரி அது. இதுதான் எம்இஜி. 1978இல் நியூயார்க் குழு ஒன்று, கைவிரலைத் தூண்டினால் மூளையில் எழும் காந்தப் பதிலை இந்த வழியில் பதிவு செய்து வெளியிட்டது. ஈஈஜியில் மண்டையோடு சமிக்ஞையைக் கலைத்துவிடும். காந்தப்புலம் அதிகம் கலையாமல் வெளியே வருகிறது. அதனால் எந்த இடத்தில், எந்த மில்லிவிநாடியில் என்று நன்றாகச் சொல்ல முடிகிறது.

இந்த இடத்தில் நம்ம ஊர்ப் பெயர்கள் இரண்டு வருது. ஒன்று கல்பாக்கம். அணுமின் நிலையம் என்றுதான் நமக்குத் தெரியும். அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இந்த ஸ்குவிட் உணரிகளைச் சொந்தமாகவே செய்து, காந்தக் கவச அறை கட்டி, இதயத்தின் காந்தப்புலத்தையும் மூளையின் காந்தப்புலத்தையும் அளந்திருக்கிறார்கள். விலைக்கு வாங்கி வைப்பது வேறு, செய்து பார்ப்பது வேறு.

இன்னொன்று வி.எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், பிறகு கலிஃபோர்னியா சான் டியாகோவில் பேராசிரியர். கை இழந்தவர்களுக்கு இல்லாத கை இருப்பதுபோலத் தோன்றுவதை ஆராய்ந்தவர். காது குடைய உபயோகிக்கும் பஞ்சுக்குச்சி மாதிரி ஒன்றால் கன்னத்தைத் தொட்டால், இல்லாத விரலில் தொடுகிற மாதிரி இருக்கு என்றார்கள் அந்த நோயாளிகள். 1992இல் இதை வெளியிட்டார். பென்ஃபீல்ட் வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம். கையிலிருந்து செய்தி வராததால் காலி மனையில் முகம் குடிவந்துவிட்டது என்பது விளக்கம். 1994இல் அவரும் சகாக்களும் எம்இஜி வைத்து அதை மூளையிலேயே காட்டினார்கள். தொடுவுணர்வு வரைபடம் கல்வெட்டு அல்ல, அது மாறும் என்பது அதிலிருந்து நமக்குக் கிடைத்தது.

ராமச்சந்திரன் குழுவே 2005இல் ஆட்டிசத்துக்கும் வந்தது. மற்றவர் கை அசைவதைப் பார்க்கும்போது பொதுவாக ‘மியூ’ என்கிற அலை ஈஈஜியில் அடங்கும். ஆட்டிசம் உள்ள 10 பேரிடம் அது அடங்கவில்லை என்று சொன்னார்கள். ‘உடைந்த கண்ணாடி’ என்று உலகமெல்லாம் செய்தி ஓடியது. பின்னால் வேறு குழுக்கள் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் எல்லா இடத்திலும் வரவில்லை. மூளை அலையில் ஒரு கோடு தெரிந்ததும் ‘இதுதான் ஆட்டிசம்’ என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

எதிர்பார்த்தது ஒன்று, வந்தது ஒன்று

இப்போது மையமான ஆய்வுக்கு வருவோம். சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலிசா மார்கோ என்கிற குழந்தை நரம்பியல் மருத்துவரும், எம்இஜி ஆய்வகத்தை நடத்தும் ஸ்ரீகாந்தன் நாகராஜனும், வேறு சிலரும் சேர்ந்து 2012இல் வெளியிட்டது.

7 முதல் 11 வயதுப் பையன்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம். ஆள்காட்டி விரல் நுனியிலும் நடுவிரல் நுனியிலும் வலிக்காத, ஆனால் தெளிவாகத் தெரிகிற தட்டு. ஒரு சுற்றில் வேகமாக, விநாடிக்கு மூன்று தட்டு வீதம். ஒரு சுற்றில் மெதுவாக, ஒன்றரை விநாடிக்கு ஒரு தடவை மாதிரி. இன்னொரு சுற்றில் நடுவிரலில் வேகமாகத் தட்டிக்கொண்டே இருந்துவிட்டு, நடுவில் திடீரென்று ஆள்காட்டி விரலில் ஒரு தட்டு. கூடவே பெற்றோரிடம் கேள்வித்தாள்: பிள்ளை தொடுகைக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று.

தொட்டால் அலறும் பிள்ளையின் மூளையில் பதில் பெரிதாக இருக்கும் என்றுதானே யாரும் நினைப்போம்? வந்தது நேர் எதிர். வலது கையில் மெதுவாக வந்த தட்டுக்கும், திடீரென்று வந்த தட்டுக்கும், ஆட்டிசம் உள்ள பையன்களின் இடது மூளைத் தொடுவுணர்வுப் பட்டையில் எழுந்த முதல் பதில் மற்றவர்களைவிடச் சின்னதாக இருந்தது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் என் நோட்டில் அடிக்கோடு போட்டு வைத்த இடம். பதிலின் அளவு, பெற்றோர் கேள்வித்தாளில் சொன்னதோடு ஒத்துப்போனது. அதனால் ‘ஆட்டிசம் உண்டு, இல்லை’ என்கிற பிரிவைக் கலைத்துவிட்டு, பெற்றோர் சொன்னபடி ‘தொடுகையில் சிரமம் உண்டு, இல்லை’ என்று பிள்ளைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். வித்தியாசம் இன்னும் தெளிவாச்சு. இப்போது இரண்டு பக்க மூளையிலும் பதில் சிறுத்தது, வலது பக்கத்தில் தாமதமும் தெரிந்தது.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் நின்று யோசிங்க. டாக்டர் எழுதிய பெயரைவிட, பெற்றவர்கள் சொன்ன சொல் மூளையின் அளவோடு நெருக்கமாகப் பொருந்தியிருக்கு. “இவனுக்குச் சட்டைப் பட்டி குத்துது, தலை வாரினால் தாங்க மாட்டேங்குறான்” என்று ஒரு அம்மா சொல்வது புலம்பல் இல்லை, தகவல்.

சின்ன பதில் எப்படிப் பெரிய அலறலாகும்? இதற்கு வேறு ஆய்வுகள் துணைக்கு வருகின்றன. ஷூலமைட் கிரீன் என்பவரும் சகாக்களும் லாஸ் ஏஞ்சலிஸில் 2015இல் எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்திருக்கும் பிள்ளைகளின் கையில் சொரசொரப்பான கம்பளித் துணியைத் தேய்த்தும், போக்குவரத்து இரைச்சலைக் கேட்க வைத்தும் பார்த்தார்கள். புதுச் சட்டை முதல் ஐந்து நிமிடம் உறுத்தும், பிறகு மூளை பழகிக்கொண்டு அதை விட்டுவிடும். உணர்வு மிகுதி உள்ள ஆட்டிசப் பிள்ளைகளிடம் இந்தப் பழகுதல் குறைவாக இருந்தது. பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்கிற பகுதியும் அடங்கவில்லை. காதுகுத்தில் சாயங்காலம் வரை அழுகிற பிள்ளைக்கு, காலையில் மாட்டிய சட்டை சாயங்காலமும் அப்போதுதான் மாட்டியது போல இருக்கலாம்.

2016இல் மார்த்தா கைசர், கெவின் பெல்ஃப்ரி குழு தூரிகையை எடுத்தது. நம் முன்கையில், முடி உள்ள தோலில், மெதுவான வருடலுக்கென்றே தனி நரம்பிழைகள் உண்டு. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தடவினால் அவை நன்றாகப் பேசும். தாய் பிள்ளையைத் தடவிக்கொடுக்கும் வேகம்தான் அது. இந்த வருடலுக்கு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மூளையில் உணர்வும் உறவும் சார்ந்த பகுதிகள் மற்றவர்களைவிடக் குறைவாகச் செயல்பட்டன. உள்ளங்கையில் பட்ட தொடுகைக்கோ தொடுவுணர்வுப் பட்டை அதிகமாகச் செயல்பட்டது.

அங்கே குறைவு, இங்கே அதிகம் என்று முரணாகத் தெரிகிறதா? கருவி வேறு, தொடுகை வேறு, அளக்கும் நேரம் வேறு. எம்இஜி தட்டியவுடன் வரும் முதல் மில்லிவிநாடிகளைப் பார்க்கிறது, எம்ஆர்ஐ சில விநாடிகளின் இரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. ‘அதிக உணர்வு’, ‘குறைந்த உணர்வு’ என்று ஒரே தராசில் வைக்கிற விஷயமே இல்லை இது என்றுதான் நான் இதையெல்லாம் சேர்த்து வாசிக்கிறேன். செய்தி வரும் விதம், அடங்கும் விதம், அதற்கு அர்த்தம் சேரும் விதம் மூன்றுமே தனித்தனி.

2016இலேயே ஹார்வர்டில் டேவிட் கின்டி ஆய்வகம் எலிகளில் இன்னொன்றைக் காட்டியது. ஆட்டிசத்தோடு தொடர்புள்ள சில மரபணுக்களை மூளையில் தொடாமல், தோலிலிருந்து செய்தி கொண்டுவரும் நரம்புகளில் மட்டும் மாற்றினாலே, எலிகள் தொடுகைக்கு மிரண்டன, பதற்றம் கூடியது, மற்ற எலிகளோடு பழகுவதும் மாறியது. எலி மனிதன் இல்லை. ஆனாலும் வழியிலேயே செய்தி மாறிவிடலாம், பழகாமல் ஒதுங்குவது தொடுகைச் சிரமத்தின் விளைவாகவும் இருக்கலாம் என்கிற வாய்ப்பு பெட்டல்ஹைம் சொன்னதைத் தலைகீழாக்குகிறது.

தொப்பி போட முடியாத பிள்ளை

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். இந்த ஆய்வுகள் எல்லாம் சிறியவை. அசையாமல் உட்காரக்கூடிய, சொன்னதைக் கேட்டு நடக்கக்கூடிய பிள்ளைகளிடம்தான் பெரும்பாலும் செய்தார்கள். எம்இஜி பழைய பார்லர் ஹேர் டிரையர் மாதிரி தலைக்கு மேல் நிற்கும், தலை அசையக் கூடாது. ஈஈஜிக்கு இறுக்கமான தொப்பி, பிசுபிசுப்பான ஜெல். தொடுகையை அதிகம் தாங்க முடியாத பிள்ளை முதலில் பிய்த்து எறிவது அந்தத் தொப்பியைத்தான். யாரை அளக்கணுமோ அவர்களே கணக்கில் வராமல் போகிறார்கள். இந்த அளவுகளை வைத்து ஒரு தனிப் பிள்ளைக்கு ஆட்டிசம் உண்டா இல்லையா என்று இன்றைக்கு யாரும் சொல்வதில்லை. பணம் வாங்கிக்கொண்டு ‘மூளை மேப்பிங்’ எடுத்துக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று விளம்பரம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தொப்பிப் பிரச்சினைக்கு ஒரு நல்ல பதில் இங்கிலாந்தின் நாட்டிங்காமிலிருந்து வந்தது. ஹீலியம் குளிர் வேண்டாத சின்ன உணரிகளை வைத்து, தலையோடு சேர்ந்து அசையும் எம்இஜியை 2018இல் வெளியிட்டார்கள். 2019இல் அதை ஒரு சைக்கிள் ஹெல்மெட்டில் பொருத்தி, 2 வயதுக் குழந்தைக்கும் 5 வயதுக் குழந்தைக்கும் மாட்டினார்கள். குழந்தை ஆடலாம், திரும்பலாம். அவர்கள் கொடுத்த தூண்டல் என்ன தெரியுமா? அம்மா பிள்ளையின் கையைத் தொடுவது. அந்தத் தொடுகைக்கு மூளைப் பட்டையில் எழுந்த பதிலைப் பதிவு செய்தார்கள். அவை ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அல்ல, கருவி வேலை செய்கிறதா என்று பார்த்தது அவ்வளவுதான். ஆனால் கதவு திறந்திருக்கு.

புத்தகங்களும் மெல்ல மாறின. அமெரிக்க மனநலச் சங்கத்தின் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், டிஎஸ்எம்-5இல், உணர்வு அதிகமாகவோ குறைவாகவோ இருப்பதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் முதல் முறையாகச் சேர்த்தது. கானர் கவனித்து எழுதி 70 வருடம் கழித்து! இந்தியா இதில் கொஞ்சம் முந்திக்கொண்டது. 2009இல் வந்த இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் மொத்தம் 40 கேள்விகள், 6 பிரிவுகள். அதில் உணர்வுகளுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழுக்குப் போகும்போது அந்தக் கேள்விகளுக்கு நீங்கள் சொல்லும் பதில் பிள்ளையின் கணக்கில் சேரும். அதனால் “தொட்டா பிடிக்காது” என்று ஒரே வரியில் முடிக்காமல், எந்தத் துணி, எந்த இடம், எவ்வளவு நேரம், எதிர்பார்த்த தொடுகையா எதிர்பாராததா என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மார்கோ குழுவின் ஆய்வில் பயன்பட்டது அந்த மாதிரித் தகவல்தான்.

எம்இஜி கருவி புதுக்கோட்டைக்கு வர நாளாகும். அதுவரை செய்ய முடிந்தது நிறைய இருக்கு. தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடலாம். சட்டையின் லேபிளை வெட்டிவிடலாம், புதுச் சட்டையை நாலு தடவை துவைத்து மாட்டலாம். முடி வெட்டுகிற அண்ணனிடம் கடையில் கூட்டமில்லாத நேரம் கேட்டுப் போகலாம். மொட்டையையும் காதுகுத்தையும் ஒரே நாளில் வைக்காமல் தள்ளி வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. கன்னத்தைக் கிள்ள வரும் பெரியப்பாவிடம், “பெரியப்பா, அவனா வருவான், கொஞ்சம் பொறுங்க” என்று சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருந்தால் போதும். அது தாயாகவே இருக்கணும் என்றில்லை.

அரசு ஆவணத்துப் பெயரையும் யாராவது மாற்றினால் நல்லது. புற உலகம் இல்லாத பிள்ளை என்கிறோம். விரல் நுனியில் விழுந்த ஒரு தட்டு அந்தப் பிள்ளையின் மூளைக்குப் போய்ச் சேருவதைக் காந்தத்தால் அளந்தே காட்டியிருக்கிறார்கள். வந்து சேரும் விதம்தான் வேறு.

கல்பாக்கத்தில் ஸ்குவிட் செய்த கதை தனியாக எழுத வேண்டிய ஒன்று. அடுத்த குறிப்பில் அதை எடுக்கிறேன்.